கறிவேப்பிலைக்குக் கைமாறு

திருமுடி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே மன்னரையும் வாக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த பிறகு மன்னர் மன்னராகவே நடந்துகொள்வார்.

அந்த நாட்டுக் கடைத்தெருவில் மாசாணி காய்கறி விற்றாள். எடை போட்டு முடித்ததும், கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறாகப் பையில் விழும். வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தால் இஞ்சித் துண்டும் சேரும். முந்தின நாள் எதிர்க்கடையில் வாங்கியது தெரிந்துவிட்டால் வெறும் காம்புதான். அந்தக் கோபம்கூட எவ்வளவு உரிமையான கோபம்! இப்போது நினைத்தாலும் அந்தப் பையின் வாசனைக்கு மனசு ஏங்குகிறது.

ஒருநாள் வணிக அமைச்சர் அதிநுட்பர், சிறுவியாபாரிகளின் நன்மைக்காக வணிகச் சட்ட அரிச்சுவடி ஒன்றை வெளியிட்டார். கைமாறு பெறாமல் எதைக் கொடுத்தாலும் செல்லாது என்பது அதன் முதல் பாடம். ஆகவே கொசுறுக்குச் சாட்சிகளோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். சாட்சிகள் வந்து சேர்வதற்குள் கறிவேப்பிலை வாடிவிட்டது. அடுத்து கொசுறு உரிமம் வந்தது. அதன் கட்டணத்துக்குக் கடையையே விற்க வேண்டும். கொசுறு நின்றதும் சனங்கள் அமைச்சரின் மைத்துனர் திறந்த பெரிய அங்காடிக்குப் போனார்கள். அங்கே ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

“அது கொசுறு அல்ல, திட்டம்” என்று அமைச்சர் விளக்கினார்.

உரிமம் இல்லாமல் கொசுறு கொடுப்பது குற்றம் என்று கடைசியாக ஒரு சட்டம் வந்தது. மாசாணியின் கைக்குச் சட்டம் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் ஒரு கொத்தை எடுத்து ஒரு பையில் போட்டுவிட்டது. அது சோதனை அதிகாரியின் மனைவியின் பை. அன்றே கடைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்கு இருந்த ஒரே பிழைப்பு அந்தக் கடைதான்.

தேர்தல் வந்தது. மன்னருக்கு வாக்குக் கேட்டு அமைச்சரே வீடு வீடாகப் பித்தளைக் குடம் கொடுத்துக்கொண்டு வந்தார்.

“இது கொசுறுங்களாய்யா?” என்று மாசாணி பயந்துபோய்க் கேட்டாள்.

“சேச்சே! குற்றமல்லவா அது? இது முறையான ஒப்பந்தம். குடம் எங்களுடையது, கைமாறாக வாக்கு உன்னுடையது.”

“குடம் கெடக்கட்டும். என் கடைச் சாவி?”

“முடிசூட்டு விழா முடியட்டும். சாவி உன் கைக்கு வரும்.”

குடத்துக்காக இல்லை, சாவிக்காகத்தான் அவள் வாக்குப் போட்டாள். விழா முடிந்ததும் அந்தக் குடத்தையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அரண்மனைக்குப் போனாள்.

“குடத்துக்கு வாக்கு சரியாகிவிட்டது. சாவிக்கு நீ என்ன கைமாறு தந்தாய்?” என்றார் அமைச்சர்.

“நீங்களாத்தான தர்றேன்னு சொன்னீங்க?”

“அப்படியானால் அது கொசுறு. சட்டம் இயற்றிய நானே அதை மீறலாமா?” அவர் குரல் தழுதழுத்தது.

மாசாணி குடத்தை இறக்கி அவர் காலடியில் வைத்தாள்.

“அப்ப குடத்த நீங்களே வச்சுக்குங்க. என் ஓட்டத் திருப்பிக் குடுத்துருங்க.”

அமைச்சர் அரண்மனை வாசலுக்கு மேலே கையைக் காட்டினார். எல்லாக் கடைகளிலும் தொங்குகிற அதே பலகை, இங்கே பொன்னெழுத்தில் இருந்தது: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.’