கலாஸ்காரர் அழித்த கல்யாணப் படங்கள்

கலாஸ்காரர் என்று ஓர் இனம் உண்டு. வேலை முடிந்ததா என்று கேட்டு நீங்கள் வாயை மூடுவதற்குள், “கலாஸ்! முடிஞ்சுது!” என்று உள்ளங்கைகளைத் தட்டிக்கொள்வார்கள். நிஜமாகவே முடிந்ததா? அதைப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

ஜோர்டானின் அம்மான் நகரத்தில் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் பார்க்கும் குதைபா இந்த இனத்தின் அசல் வாரிசு. நான் கல்யாணங்களில் பெண்களுக்கான தனி மண்டபத்தில் படம் எடுப்பவள். வாசலிலேயே எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே முக்காடில்லாமல் ஆடுகிறவர்களை எடுக்க என் கேமராவுக்கு மட்டும்தான் அனுமதி. ஆல்பம் கைக்கு வந்ததும் மணப்பெண் லுஜைன், கிளவுடில் இருக்கும் அத்தனை படத்தையும் அழிக்கச் சொன்னாள்.

குதைபா எப்படி அழித்தார் என்கிறீர்கள்? எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அமுக்கி, “பொம்பளைங்க படம், நான் பார்க்கலாமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணில் பச்சை டிக் தெரிந்ததும் காபியை உறிஞ்சி, “கலாஸ்! தங்கச்சி, நிம்மதியா போ” என்றார் லுஜைனிடம். டிக்குக்குக் கீழே, ‘சில படங்கள் அழியவில்லை’ என்று வெறும் எழுத்துதான் இருந்தது. எழுத்துக்குமா பர்தா?

அழியாதவை எவை? ஆல்பத்துக்கென்று லுஜைன் பொறுக்கிய படங்கள். தவறி அழிந்துவிடக் கூடாதே என்று அவற்றுக்குப் பூட்டுப் போட்டவரே இந்த மகானுபாவர்தான்!

மறுநாள் லுஜைன் அழுதுகொண்டே ஓடிவந்தாள். “அக்கா, படம் பொறுக்க நீங்க அனுப்பின பழைய லிங்க் இன்னும் திறக்குது! மாமியார் அதைத் தெரியாம குடும்ப குரூப்புல போட்டுட்டாங்க. மாமனார், கொழுந்தன்மாருங்க எல்லாரும் இருக்காங்க. இன்னும் யாரும் பார்க்கல!”

குதைபா அசையவில்லை. மறுபடி அதே பொத்தான். மறுபடி அதே டிக். “கலாஸ்!”

“யா அபூ யாமன்,” என்று மகன் பெயரைச் சொல்லி குதைபாவைக் கூப்பிட்டேன். “அழியலன்னு கீழ எழுதியிருக்கு. படிங்க.”

“எல்லாம் போயிருக்கும், விடு.”

“முதல் படத்துல லுஜைன் பக்கத்துல ஆடுறது யாருன்னு நினைக்கிறீங்க? உங்க வீட்டம்மா!”

அடடா, அந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! காபி மேசையில் கொட்டியது. மனிதர் டிக்குக்குக் கீழே இருந்த அழியாத படங்களின் பட்டியலைக் கடைசி எழுத்துவரை படித்தார். விட்டுப்போனவற்றை மட்டும் பிரித்தார், பூட்டைத் திறந்தார், அழித்தார். கலாஸ் என்ற சொல்லே வரவில்லை. “லிங்க்கைத் திறந்து பாரும்மா” என்றார். காலி. லுஜைன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் போனில் எதையோ மொத்தமாக அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினீர்களே, டிக்குக்குக் கீழே என்ன எழுதியிருந்தது?