கிரீம் பன்னுக்காகக் கடலில் குதித்தவன்

ஒரு கிரீம் பன்னுக்காக நான் கடலில் குதித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆழமாகப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். ஆனால் என் இடத்தில் இருந்து பாருங்கள். நீங்களும் துண்டைக் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே குதித்திருப்பீர்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். என் மனைவி பேக்கரி வைத்திருக்கிறாள். கடை கீழே, வீடு நேர் மேலே. விடிவதற்கு முன்பே வெண்ணெய் உருகும் வாசனை மாடிப்படி ஏறி வந்து என்னை எழுப்பும். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். எனக்குக் கல்யாணத்தோடு கரும்புத் தோட்டமே கிடைத்தது.

விளைவு இடுப்பில் தெரிந்தது. ஒருநாள் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். மோட்டார் அறை மொட்டை மாடியில். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மெக்கானிக் எப்படி மேலே போவான்? படியேறித்தான். நான்காவது மாடியில் உட்கார்ந்தேன். ஐந்தாவது மாடியில் படுத்துவிட்டேன். அங்கே குடியிருந்த ஒரு அம்மா தண்ணீர் தெளித்து, விசிறிவிட்டு, என் மனைவிக்குப் போனும் போட்டுவிட்டார். அந்த அம்மா தண்ணீரோடு நிறுத்தியிருக்கலாம்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. வண்டியை சர்வீஸுக்கு விட்டவரிடம் பேசுவது போல எல்லாவற்றையும் என் மனைவியிடமே சொன்னார். எடையைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று முதல் எனக்கு இனிப்பு கிடையாது. கடையில் எல்லோருக்கும் உத்தரவு போய்விட்டது. கல்லாவில் இருக்கும் பெண் என்னைக் கண்டாலே கண்ணாடி அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுகொள்வாள். ஊருக்கெல்லாம் பன், எனக்கு மட்டும் வெள்ளரிக்காய். ஒருதடவை, வேலைக்குப் போன இடத்துக் காவலாளியை அனுப்பி ஒரு கிரீம் பன் வாங்கி வரச் சொன்னேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே வேகவைத்த கேரட். பன் யாருக்கு என்று கல்லாப் பெண் கேட்கவே இல்லையாம். "உங்க கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேரா?" என்று மட்டும் கேட்டாளாம்.

இப்படி வெள்ளரிக்காயும் கையுமாக நான் நொந்துபோயிருந்த நாளில்தான் எதிர்வீட்டு ஒல்லியார் வாயைத் திறந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறவர். ஒழிந்த நேரத்தில் நீந்துவார், சைக்கிள் மிதிப்பார், ஓடுவார். அதுவும் ஒன்று முடிந்த கையோடு இன்னொன்று, ஒரே நாளில். அதற்கு டிரையத்லான் என்று பெயர். அதுவரைக்கும் அவரை நான் மனிதக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. அன்று அவர் வாசலில் சைக்கிளைத் துடைத்தபடி, ஜாம் தடவிய ரொட்டியை மடித்து மடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு வாழைப்பழம். அப்புறம் ஒரு சின்னப் பாக்கெட்டைக் கிழித்து, பாகு மாதிரி எதையோ உறிஞ்சினார்.

என்ன சார் இவ்வளவு இனிப்பு என்று கேட்டேன், பொறாமையை மறைத்துக்கொண்டு. நீண்ட தூரப் போட்டியில் உடம்பில் இருக்கிற சத்தெல்லாம் பாதி வழியில் தீர்ந்துபோகுமாம். அதனால் போகப் போகச் சர்க்கரையாக உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமாம். போட்டி அன்றைக்குத் திடீரென்று தள்ளினால் வயிறு திருப்பித் தள்ளிவிடுமாம்.

"கை காலை மட்டும் பழக்கினாப் போதாது சார். வயித்தையும் பழக்கணும். சாப்பிடறதும் பயிற்சிதான்."

சாப்பிடறதும் பயிற்சிதான். என் ஆயுளில் யாரும் எனக்கு இவ்வளவு நல்ல சேதி சொன்னதில்லை. அதற்குப் பிறகும் அவர் ரொம்ப நேரம் பேசினார். என் காதில் எதுவும் விழவில்லை.

அன்று மாலையே கடைக்குள் போனேன். மனைவி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, இனி உடம்பைத் தேற்றப் போகிறேன், டிரையத்லானுக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன், முழு தூரம் இல்லை, அதில் பாதிதான் என்று அறிவித்தேன். அந்தப் பாதியே ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் என்பதைச் சொல்லவில்லை. கடைசியில் போகிறபோக்கில், இதற்கு இனிப்பு கொஞ்சம் சாப்பிட வேண்டியிருக்கும், எனக்கு இஷ்டமில்லைதான், ஆனால் விஞ்ஞானம் அப்படிச் சொல்கிறது, என்ன செய்ய என்று பெருமூச்சும் விட்டேன்.

சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் மாவைத் திருப்பிப் போட்டு ஒரு குத்து குத்தினாள்.

"எவ்வளவு நாளைக்கு?"

"போட்டி வரைக்கும். எட்டு மாசம்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறமும் உடம்பு கேட்கும் இல்லையா. கேட்டாக் கொடுக்க வேண்டியதுதான்."

அவள் கையில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"சரி. போட்டியை முழுசா முடிச்சுட்டீங்கன்னா, அப்புறம் ஆயுசுக்கும் உங்க வாய்க்கு நான் குறுக்கே நிக்க மாட்டேன். எத்தனை பன் வேணாலும் சாப்பிடுங்க. பாதியில விட்டீங்கன்னா ஆயுசுக்கும் வெள்ளரிக்காய். சம்மதமா?"

சம்மதம் என்றேன். அந்தப் பாகை வெளியில் வாங்க வேண்டாம், தானே செய்து தருவதாக வேறு சொன்னாள். பழம் நழுவிப் பாலில் விழுந்து, பால் நழுவி என் வாயில் விழுந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கேட்டதும் கொடுக்கிற ஜாதியே இல்லை அவள்.

பாகு வந்தது. சர்க்கரை, தேன், எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. கேக்கின் மேல் கிரீம் பிழிகிற கூம்புப் பைகளில் நிரப்பி, வாயைக் கட்டி, அடுக்கிக் கொடுத்தாள். என் திட்டம் எளிமையானது. சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்ப வேண்டியது. பூங்காவில் மரத்தடியில் சாய வேண்டியது. பைகளைக் காலி செய்துவிட்டு, குழாயடியில் சட்டையை நனைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வீட்டுக்குத் திரும்ப வேண்டியது. முதல் வாரம் அப்படித்தான் போயிற்று. அந்த வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

இரண்டாவது வாரம் பைகள் என் கைக்கு வரவில்லை. ஒல்லியாரின் சைக்கிளுக்குப் போய்விட்டன. புதிதாகப் பழகுகிறவர் சுமை தூக்கக் கூடாது, நீங்கள் கொண்டுபோய் வழியில் கொடுங்கள் தம்பி என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் நல்ல மனிதர், நம்பிவிட்டார். ஆக, இனிப்பு முன்னால் போகும், நான் பின்னால் போக வேண்டும். எட்டிப் பிடித்தால் வாய்க்கு உண்டு. அப்படித்தான் ஐயா நான் சைக்கிள் ஓட்டப் பழகினேன். நீச்சல் குளத்தில் இன்னும் மோசம். நான் இந்தக் கரையில் இறங்குவேன், கூம்புப் பையோடு அவள் அந்தக் கரையில் நிற்பாள்.

கையில் ஒரு கடிகாரத்தையும் கட்டிவிட்டாள். பயிற்சி நேரத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை அது கீச்சென்று கத்தும். கத்தினால் ஒரு வாய் பாகு. முதல் மாதம், எப்போது கத்தும் என்று தவம் கிடந்தேன். மூன்றாவது மாதம், கத்தினால் கத்தட்டும் என்று இருந்தேன். ஐந்தாவது மாதம், கத்தப் போகிறதே என்று அதைத் துண்டால் சுற்ற ஆரம்பித்தேன். நாக்கு தடித்துப்போயிற்று. உதட்டைத் திறந்தால் பசை மாதிரி இழுத்தது. ஒருநாள் விடியற்காலையில் அந்த வெண்ணெய் வாசனை வந்தபோது, எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து படுத்தேன். என் கையா அது என்று எனக்கே நம்ப முடியவில்லை.

உப்பாக ஏதாவது கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"போட்டி அன்னைக்கு வயித்துக்குப் புதுசா எதையும் காட்டக் கூடாதாம். எதிர்வீட்டுத் தம்பி சொன்னாரு. பழகினதுதான் தரணுமாம்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "ஏங்க, இனிப்பு திகட்டிடுச்சா?" என்றாள்.

ஆமாம் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் ஆமாம் என்றால் என்ன ஆகும்? திகட்டிப்போனவருக்கு எதற்குப் பன் என்பாள். பட்ட பாடெல்லாம் வீண். "திகட்டறதா? எனக்கா?" என்று சிரித்து, அவள் கண்ணெதிரிலேயே ஒரு பையை முழுசாகப் பிழிந்து விழுங்கிக் காட்டினேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று சமாளித்தேன். அப்படியா என்று இன்னொரு பையை எடுத்துக் கொடுத்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் எனக்கு அபாரமான யோசனை ஒன்று தோன்றியது. சைக்கிளில் கட்டிக்கொண்டு போவதற்காக அவள் நிரப்பி வைத்திருந்த பைகளை, அவள் கடையில் இருந்த நேரம் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பாகைத் தொட்டியில் கொட்டினேன். பச்சைத் தண்ணீரை நிரப்பி, அவள் கட்டுகிற மாதிரியே கட்டி வைத்தேன். நாளைக்கு ஒரு நாளாவது என் நாக்கு நிம்மதியாக இருக்கட்டும். முடித்துவிட்டு வந்தால் உரிமையும் என்னுடையது, அப்புறம் எனக்குப் பிடித்த நேரத்தில், பிடித்த பன்னைச் சாப்பிட்டுக்கொள்ளலாம். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் கடலோரத்தில் போய் நின்றேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று குதித்துவிட்டேன். இத்தனை வருஷம் தின்றது அங்கேதான் உதவிக்கு வந்தது. ஒல்லியானவர்கள் எல்லாம் அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் மிதந்தேன். கரையேறி, சைக்கிளில் ஏறி, பாட்டுப் பாடிக்கொண்டு மிதித்தேன். கடிகாரம் கத்தும்போதெல்லாம் தண்ணீரைப் பிழிந்து குடித்தேன். அமிர்தம்.

பாதித் தூரம் வரைக்கும் அமிர்தம். அப்புறம் எல்லா சுவிட்சையும் யாரோ ஒரே நேரத்தில் அணைத்த மாதிரி ஆயிற்று. கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்தது போலத் தொங்கின. கண் முன்னால் பூச்சி பறந்தது. பத்து வயதுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூட சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனாள், அவள் போட்டியிலேயே இல்லை. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். இங்கேயே விழுந்தால் ஆயுசுக்கும் வெள்ளரிக்காய்தான் என்ற ஒரே நினைப்பில், வழியில் தண்ணீரும் பழமும் கொடுக்கிற மேஜை வரைக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தேன்.

மேஜைக்குப் பின்னால் தொண்டர்களோடு தொண்டராக, பேக்கரி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு என் மனைவி நின்றாள்.

"பாகு குடிச்சீங்களா?"

"எல்லாத்தையும் குடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப இனிப்பா."

"பச்சைத் தண்ணி இனிக்குமா என்ன?"

நேற்றே பார்த்துவிட்டாளாம். தொட்டியைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்ததாம். பார்த்த உடனே சொல்லியிருக்கலாமே என்றேன், ஈனக் குரலில். சொல்லியிருந்தால் நீங்கள் வேறு எதையாவது செய்திருப்பீர்கள், இதுவென்றால் எங்கே வந்து விழுவீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இந்த மேஜையைக் கேட்டு வாங்கினேன் என்றாள். "வாயைத் திறங்க" என்று ஒரு பையை எடுத்தாள். குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல, ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மானம் போனது, ஆனால் கால் திரும்பி வந்துவிட்டது.

மிதித்தேன். அப்புறம் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. கடிகாரம் கத்திக்கொண்டே இருந்தது, நான் விழுங்கிக்கொண்டே இருந்தேன். கொடியையும் பந்தலையும் அவிழ்க்க ஆரம்பித்த நேரத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டினேன். எனக்குப் பின்னால் ஒருவர் வந்தார். அவர் குப்பை பொறுக்குகிறவர்.

கழுத்தில் பதக்கம் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. "அந்த அஞ்சாவது மாடி அம்மா போன் பண்ணின அன்னைக்கு எனக்கு உசுரே இல்லைங்க" என்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. "இன்னைக்குத்தான் வந்துச்சு." அந்த நிமிஷத்தில், இவளுக்காக இன்னொரு கடலிலும் குதிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு அவள் என் மடியில் ஒரு பெட்டியை வைத்துத் திறந்தாள். பன்னிரண்டு கிரீம் பன். அன்றைக்குச் சுட்டது. சர்க்கரைத் தூள் வேறு. சொன்ன சொல் மாற மாட்டேன், சாப்பிடுங்க, இனி யாரும் தடுக்க மாட்டார்கள் என்றாள். ஒன்றை எடுத்தேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். வாசனை மூக்கில் ஏறியது. தொண்டை தானாகக் கதவைச் சாத்திக்கொண்டது. பன்னைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"கடையில புதுசா வேலைக்குச் சேர்றவங்களை நான் தடுக்கவே மாட்டேங்க" என்றாள் அவள், பெட்டியை நிதானமாக மூடியபடி. "எவ்வளவு வேணாலும் சாப்பிடுங்கன்னு விட்டுருவேன். ஒரு மாசம். அப்புறம் கையால தொட மாட்டாங்க. உங்களுக்குத்தான் எட்டு மாசம் ஆயிடுச்சு."

என்றோ போட்டியை முடித்து, குளித்து, தூங்கியும் எழுந்துவிட்டவர் போலப் பளிச்சென்று ஒல்லியார் வந்தார். உப்பாக ஏதாவது வேண்டுமா சார் என்று ஓர் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டை நீட்டினார். ஒன்றை வாயில் போட்டேன். மொறுமொறு என்றது. உப்பு நாக்கில் பட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. உலகத்தில் இப்படி ஒரு ருசி இருக்கிறதா? பன் போனால் போகட்டும், எனக்கு வறுவல் இருக்கிறது. இதைத் தடுக்க எந்த ஒப்பந்தமும் இல்லை. கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டு, பாக்கெட்டைக் கவிழ்த்து, அடியில் கிடந்த தூளையும் தட்டிக்கொண்டேன்.

என் மனைவி அதைக் கொஞ்ச நேரம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒல்லியார் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தம்பி, வறுவல் தின்னுக்கிட்டே ஓடற போட்டி ஏதாவது இருக்கா?"