பெரிய டிவியில் மச்சானின் கர்ச்சீப்

கோவில்பதாகை,
வெள்ளிக்கிழமை

மாங்காட்டில் இருக்கும் அன்புள்ள மச்சான் வரதனுக்கு, உன் அக்காவைக் கட்டிய கஜபதி எழுதுவது. உங்கள் ஊர் காமாட்சி அம்மன் தயவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். ஒன்றரை வருஷமாக நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடுதாசி. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் எழுத்து இது, பொறுமையாகப் படிக்கவும்.

நம்ம தேவிப்பிரியா கல்யாணத்தில், தாய்மாமனான உன்னை நான் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூப்பிடவில்லை, நீ பட்டினியாகக் கிளம்பிப் போய் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பன்னும் டீயும் சாப்பிட்டாய் என்பது உன் கட்சி. கூப்பிட்டேன் என்பது என் கட்சி. இப்போது அந்தப் பெண்ணுக்கே வளைகாப்பு, வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு. "எந்தம்பி வராத ஊட்ல எனக்கு இன்னாயா விசேஷம்" என்று உன் அக்கா பஞ்சவர்ணம் வளையல் வாங்கக்கூட வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சரி, சாட்சியோடு நிரூபித்துவிடுவோம் என்று கல்யாண வீடியோவைப் போட்டேன். அதில் ஒரு மூன்று விநாடி, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நான் ஒரு வெள்ளைச் சட்டையின் கையைப் பிடித்து இழுக்கிறேன். அது நீதான் என்றேன் நான். அது தூண் என்றாள் உன் அக்கா. பழைய டிவியில் உனக்கும் தூணுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

அப்புறம்தான் ஃபோர் கே டிவி வாங்கினேன். எறும்பு ஊர்ந்தால் அதன் மீசை தெரியும் என்று கடைக்காரர் சொன்னார். என் மகன் கோகுல்நாத், "நைனா, எட்டடி தள்ளி குந்திகினு பாத்தா அதுவும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான். நாம போட்ற வீடியோ நல்லா இருந்தாதான் படம் நல்லா இருக்கும்" என்றான். முப்பது வருஷம் ராணுவ டேங்க் தொழிற்சாலையில் மயிரிழை அளவு பார்த்த ஃபிட்டருக்கு இவன் கண் பாடம் எடுக்கிறானா என்று வாங்கி மாட்டியாகிவிட்டது. திரை மூலையில் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினோம். உன் அக்காவைத்தான் தெரியுமே, எங்கள் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கடையிலிருந்து ஒட்டி வந்த தாள் ஆறு வருஷமாக அப்படியே இருக்கிறது, புது ரிமோட்டுக்கும் அன்றைக்கே உறை தைத்துவிட்டாள். முதலில் கேபிளில் சீரியல் பார்த்தோம். மாமியார் அதே மாமியார், மருமகள் அதே மருமகள், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் வாங்கிவிட்டேனே, அதனால் ஆகா ஆகா என்று சொல்லிக்கொண்டே எட்டடியிலிருந்து ஆறடிக்கு வந்து, கடைசியில் மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தேன். "இன்னா நைனா, உள்ள பூந்துடுவ போலக்கீது" என்றான் மகன். கல்யாண வீடியோவைப் போட்டால், முன்பு சுண்டைக்காய் அளவுக்கு மங்கலாக இருந்த முகம் இப்போது பூசணிக்காய் அளவுக்கு மங்கலாக இருக்கிறது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

விட்டேனா? நெமிலிச்சேரிக்குப் போய் அன்றைக்கு வீடியோ எடுத்த தமிழரசுவைப் பிடித்தேன். நம்மிடம் தந்தது சுருக்கின வீடியோவாம், ஃபோர் கேயில் எடுத்த அசல் அவரிடமே இருந்தது. பென்டிரைவில் வாங்கிவந்து போட்டோம். மச்சான், அப்போதுதான் என் குட்டு உடைந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தது காஸ் சிலிண்டர் போட வந்தவரை. அவர் பாவம், தோளில் சிலிண்டரோடு கும்பிடுகிறார், நான் விடாமல் வாங்க வாங்க என்கிறேன். மூன்றடி பின்னால், கை கழுவும் தொட்டியோரம், சம்பந்தமே இல்லாதவன் மாதிரி நீ நிற்கிறாய். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைக்கிறாய். தாய்மாமன் அழுகிறான், நான் சிலிண்டருக்கு மரியாதை செய்கிறேன். பஞ்சவர்ணம் எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றாள். "எந்தம்பி பசியில எப்டி வாடிக்கீறான் பாரு" என்றாள், அதுதான் பெரிய அடி.

ஆகவே மச்சான், தப்பு முழுக்க என்னுடையது. இந்தக் கடுதாசியை உன் காலில் வைத்ததாக நினைத்துக்கொள். கோபத்தை மாங்காட்டிலேயே விட்டுவிட்டு வளைகாப்புக்கு வந்து முதல் வளையலை நீ கொடுத்து ஆரம்பிக்கவேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், உன் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பெரியவர்கள் யாராவது வீட்டுக்கு வந்திருந்தால் அவர்களுக்கும் இதில் பாதி வணக்கம்.

இப்படிக்கு,
தலைகுனிந்த கஜபதி

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டப் பசை தேடும்போது உன் அக்கா கூப்பிட்டாள். டிவியில் உன் முகத்தை நிறுத்திவைத்து, உன் கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாளாம். "யோவ், டிவி தோல் உரிஞ்சி வருதுய்யா" என்றாள். போய்ப் பார்த்தால், திரை முழுக்க ஒரு பிளாஸ்டிக் தாள். இத்தனை நாள் அதன் வழியாகத்தான் ஃபோர் கே பார்த்திருக்கிறோம். சந்தனத்தோடு சேர்த்து உரித்தேன். கடைக்காரர் சொன்னது சத்தியம் மச்சான், மீசை நன்றாகத் தெரிகிறது. உன் மீசை. அதில் சேமியா பாயசம், ஒரு முந்திரியோடு. கர்ச்சீப்பால் நீ துடைப்பது அதைத்தான். வாயெல்லாம் பீடாச் சிவப்பு, கக்கத்தில் தாம்பூலப் பை. முதல் பந்தியிலேயே உட்கார்ந்து எழுந்திருக்கிறாய்.

மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உன் அக்கா ஒரு மணி நேரமாகச் சிரித்துவிட்டு வளையல் வாங்கக் கிளம்பிவிட்டாள். நீ வளைகாப்புக்கு அவசியம் வா. இந்தத் தடவை பந்திக்கு உன்னை நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன், கோகுல்நாத் பக்கத்தில் நின்று ஃபோர் கேயில் எடுப்பான்.