தண்ணீரை டேவிட்டிடம் கொடுத்த கதை

அன்றைக்கு மலைக்குப் போனவர்கள்: டேவிட், மணிமங்கலத்துக்காரன். முருகன், தென்காசி. இரண்டு பேரும் ஒரகடம் பாக்டரியில் என் லைனில் வேலை. மூன்றாவது சேகர், ஸ்ரீபெரும்புதூர். எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அண்ணன். நாலாவது நான், லைன் லீடர்.

சேகர் மலை பார்க்க வரவில்லை. மாப்பிள்ளை பொறுப்பானவனா என்று பார்க்க வந்தார். அவர் சரி என்றால்தான் கல்யாணம். எனக்குப் பயமில்லை. பொறுப்பு என் தொழில்.

தண்ணீர், சாப்பாடு, டார்ச், கயிறு, மருந்து, விசில். மலைக்கு வேண்டியது ஒன்றையும் நான் விடவில்லை. பிரித்துக் கொடுத்ததில்தான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமல் இருந்திருக்கலாம்.) லைனில் ஆளுக்கு ஒரு வேலை. மலையிலும் அப்படியே. தண்ணீர் முழுக்க டேவிட். சாப்பாடு முழுக்க சேகர். டார்ச்சும் கயிறும் முருகன். மருந்தும் விசிலும் நான்.

“பாத்தீங்களா, கொழப்பமே கெடையாது” என்றேன். சேகர் தலையாட்டினார். பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

தண்ணீர்ப் பைதான் கனம். டேவிட் பின்தங்கினான்.

“இன்னாண்ணா, கொஞ்சம் நில்லேன்.”

“லைன் நிக்கக் கூடாதுடா. நீ மெதுவா வா.”

உச்சி வெயிலில் மேலே ஒரு பாறையில் உட்கார்ந்தோம். சேகர் பையிலிருந்து மிக்சர், முறுக்கு, சப்பாத்தி, ஊறுகாய் வந்தன. நன்றாகச் சாப்பிட்டோம். அவர் தண்ணீர் கேட்டார்.

“டேவிட் கிட்ட இருக்கு.”

“டேவிட் எங்க?”

நல்ல கேள்வி. போனில் சிக்னல் இல்லை. மூச்சைப் பிடித்து விசில் அடித்தேன். யாரும் வரவில்லை. சேகருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உதடு வெளுத்தது. பேச்சு குழறியது. கல்யாணம் கிடக்கட்டும், ஆளைக் கீழே சேர்க்க வேண்டும்.

“முருகா, உன் பையில என்னடா இருக்கு?”

“நாலு டார்ச்சு. பட்டப்பகல்ல இத வச்சு நக்கவா அண்ணாச்சி?”

சேகரை இரண்டு பேரும் தோளில் தாங்கி இறக்கினோம். பாதி வழியில், மர நிழலில், தண்ணீர்ப் பைமேல் தலை வைத்து டேவிட் தூங்கிக்கொண்டிருந்தான்.

“விசில் கேக்கலயாடா?”

“கேட்டுச்சுண்ணா. டீ டைம்னு நெனச்சி படுத்துட்டேன்.” (எங்கள் லைனில் விசில் அடித்தால் டீ. அவனைக் குறை சொல்ல முடியாது.) “ஒரு பாட்டில்கூட தொடல. எல்லாம் அப்படியே கீதுண்ணா.”

சேகர் இரண்டு பாட்டில் குடித்தார். அடிவாரத்தில் சிக்னல் வந்ததும் தங்கைக்குப் போன் போட்டார். என் எதிரிலேயே.

“ஆளு நல்லவருதாம்மா. என்ன வுட்டுட்டுப் போவல, தோள்ல சாச்சிகினு வந்தாரு. ஆனா ஒண்ணு. எங்கனா போனா பைய நீ கட்டு.”

கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். வீட்டில் சாவி காணோம், சீப்பு காணோம் என்றால், “டேவிட் கிட்ட இருக்கும்” என்பாள் மனைவி. பிள்ளைகளும் கற்றுக்கொண்டன.

இன்றும் மலைக்குப் போகிறோம். சின்னவளுக்குக்கூடத் தனி டார்ச், தனி விசில். பை கட்டுவது மனைவி. கிளம்பும்போது எண்ணிப் பார்ப்பது மட்டும் நான்.

ஆள் நாலு. பை நாலு. தண்ணீர் பாட்டில் எட்டு.