இருபத்திரண்டரின் எருமை

ஜெர்மனியில் இருக்கும் கோபத்தை எல்லாம் ஓர் அண்டாவில் சேர்த்து, சுண்டக் காய்ச்சி, ஒரே ஆளுக்குள் ஊற்றி மூடி போட்டால் வருபவர்தான் இருபத்திரண்டர். மூடி மட்டும் கடைசிவரை சரியாகப் பொருந்தாது.

அப்படிப்பட்டவரின் துப்பாக்கிக்கு ஆயுத பூஜை போட்டால் என்ன என்ற யோசனை, கார்ஹிங் நிலையத்தில் ஊ-பான் என்னும் நகர ரயிலுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை மாலை எனக்கு உதித்தது. அன்று காலைதான் ஆய்வகத்தில் லேசர் மேசைக்குச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தேன். பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் சைக்கிளுக்கும் ஒரு பொட்டு கிடைக்குமா என்று கேட்டார். கிடைத்தது. டப்பாவில் குங்குமம் மிச்சம். பையில் ஓர் எலுமிச்சம்பழமும் மிச்சம். மிச்சமான பொருளும் சும்மா இருக்காத கையும் சேர்ந்தால் ஊர் தாங்காது.

நான் மதுரைக்காரி. ஒளியியலில் முனைவர் பட்டம் வாங்க வந்தவள். எங்கள் கல்லூரி என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ ரைஃபிள் உண்டு. வருடம் முழுக்க அதைத் துடைப்போம். வருடத்துக்கு ஐந்து குண்டு சுடுவோம். கயிற்றில் கட்டிய 'சிந்தி' என்னும் துண்டுத் துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்து, வெள்ளையாகப் போன துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை ஹவில்தார் எங்களை வீட்டுக்கு விடமாட்டார். எனக்குத் தெரிந்த ராணுவக் கலை அவ்வளவுதான்: துடைத்தல்.

இங்கே வந்த பிறகு, இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு சிற்றூரில், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு சுடும் மன்றம் இருப்பது தெரிந்தது. விருந்தாளியாகப் போய், மன்றத்துத் துப்பாக்கியால் சுடுகிறேன். எல்லாம் அதே இருபத்திரண்டு அளவுச் சின்னத் தோட்டாதான். தோட்டாவின் அடிவிளிம்பில் மருந்து இருக்கும். ஊசி விளிம்பில் தட்டினால் வெடிக்கும். ஒருமுறை வெடித்தால் கதை முடிந்தது, மறுபடி நிரப்ப முடியாது. பெரிய துப்பாக்கிக்காரர்கள் இதைப் பொம்மை என்பார்கள். வைத்திருப்பவர்களிடம் மட்டும் ஏன் பிடிக்கும் என்று கேட்டுவிடாதீர்கள். கடைசி ரயில் போய்விடும்.

பேக்கரி நடத்தும் ஹன்னலோரே இடக்கைக்காரர். கத்தரிக்கோல் முதல் ரொட்டிக் கத்திவரை உலகமே வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது, இந்தத் துப்பாக்கி ஒன்றுதான் தனக்காகச் செய்யப்பட்டது என்பார். பல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அலுமினியத் துப்பாக்கியில் பதினேழு இடத்தில் திருகாணி. மனிதர் சுடுவதைவிடத் திருகுவது அதிகம். அந்தத் திருகல்தான் வாரம் முழுதும் சேர்ந்த அலுப்பை எடுக்கிறதாம். தபால்காரர் வைத்திருப்பது கீழே நெம்புகோல் உள்ள கௌபாய் வகை. நெம்பும்போது வரும் சத்தம் கேட்டால் தனக்கு வயது பத்து என்கிறார்.

அந்தத் தோட்டாவின் அளவையே பட்டப்பெயராகச் சுமக்கும் இருபத்திரண்டரிடமும் கேட்டேன்.

"விரும்பிறதோ? இந்த எருமையையோ? உருக்கி வாளி செய்யலாம் எண்டு பாக்கிறன்" என்றார்.

அவருடைய துப்பாக்கியின் பெயரே அதுதான். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போடும் பழைய சாமான். மரக்கட்டையில் யாரோ கடித்துவைத்ததுபோல ஒரு பள்ளம். எருமைக்கு ஒரே தீனிதான் ஒத்துக்கொள்ளும்: ஒரு குறிப்பிட்ட தொகுதி எண் போட்ட தோட்டா. அதே கம்பெனியின் அடுத்த தொகுதியைப் போட்டால்கூடக் குண்டுகள் இலக்குத் தாள் முழுக்க மேயும். பதினொரு வருடத்துக்கு முன் அந்தத் தொகுதியில் கிடைத்ததை எல்லாம் வாங்கி அடுக்கியிருந்தார். மிச்சமிருந்தது இரண்டே பெட்டி.

யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் அகதியாக வந்து, முப்பது வருடம் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். நான் முதல் நாள் 'அங்கிள்' என்று கூப்பிட, நான் உமக்கு எந்த வழியில் அங்கிள் என்று கால் மணி நேரம் விசாரித்தார். அன்றிலிருந்து அண்ணே. காலி போத்தல்களைத் திரும்பப் பெறும் கடை எந்திரம் ஒருமுறை அவருடைய நசுங்கிய போத்தலைத் துப்பிவிட்டது. எந்திரத்தோடு தமிழில் சண்டை போட்டார். பின்னால் பதினான்கு ஜெர்மானியர்கள் மௌனமாக வரிசையில் நின்றார்கள். ஒன்பதாவது நிமிடம் எந்திரம் போத்தலை வாங்கிக்கொண்டது. நான் சாட்சி.

தமிழ்ச் சங்கத்தில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நாங்கள் துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்கு, பயந்து ஓடிவந்தோம், இந்த மனிதர் துவக்கைத் தேடிப்போய்ச் சந்தா கட்டுகிறார் என்பார்கள். அவர் காதில் விழும். பதிலுக்கு வடையில் உப்பில்லை என்று சண்டை பிடிப்பார்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அந்த வாரம் மன்றக் குழு அவருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. வயது அறுபத்து நான்கு ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் முப்பது குண்டில் முந்நூறுக்குக் குறைந்தது இருநூற்று எண்பது எடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் அணியிலிருந்து தாங்கி அணிக்கு மாற்றம். தாங்கி அணி என்றால், துப்பாக்கியை ஒரு கம்பத்தின் மேல் சாய்த்துவைத்துச் சுடும் மூத்தோர் அணி. கடிதத்தில் நான்கு பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"துவக்குக்கு ஊன்றுகோலோ? மேல போய் ரெண்டு வார்த்தை கதைச்சுப்போட்டு வாறன். பிள்ளை, எருமையில ஒரு கண் வைச்சுக்கொள்ளும். கை வைக்காதேயும்."

தளத்துக்கு அன்று பொறுப்பு ஹன்னலோரே. அவர் பக்கத்தில்தான் நின்றார். இன்று எங்கள் நாட்டில் எல்லாக் கருவிகளையும் துடைத்துப் பொட்டு வைக்கும் நாள் என்று விளக்கினேன். மத விஷயம் என்று நினைத்து, மரியாதையாக எண்ணெயும் துடைப்புக் கம்பியும் எடுத்துக் கொடுத்துவிட்டு நான்கடி தள்ளி நின்றுகொண்டார். ஜெர்மனியில் எதையும் தடுத்துவிடுவார்கள். பூஜையைத் தடுக்கத் தயங்குவார்கள்.

முதல் துணி கரியாக வந்தது. ஐயோ பாவம், எத்தனை வருட அழுக்கு என்று எனக்கு அவர் மேல் இரக்கமே வந்தது. பத்தாவது துணி சாம்பல். இருபத்து மூன்றாவது துணி மல்லிகைப்பூ. ஹவில்தார் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். மரக்கட்டையில் சந்தனம், நடுவில் குங்குமம், படுத்துச் சுடும் பாயின் மேல் எலுமிச்சம்பழம்.

இருபத்திரண்டரின் 'ரெண்டு வார்த்தை' ஐம்பது நிமிடம் எடுத்தது. படியிறங்கி வந்தவர் பழத்தைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். ஒரு கணம் அந்த முகத்தில் நான் பார்த்தேயிராத ஒன்று வந்துபோனது. ஒற்றை விரலால் குங்குமத்தின் ஓரத்தைத் தொட்டுத் தன் நெற்றியிலும் வைத்துக்கொண்டார். பிறகு மூக்கைச் சுளித்தார். எண்ணெய் வாசனை. எருமையைத் தூக்கிக் குழலின் வழியே விளக்கைப் பார்த்தார்.

"இதென்ன, உள்ளுக்க வெளிச்சம் தெரியுது?"

"கிளீன் பண்ணிட்டேன் அண்ணே. ஃபுல்லா."

"பதினொரு வருசம்" என்றார். குரல் முதலில் சின்னதாகத்தான் வந்தது. "பதினொரு வருசம் நான் இதுக்க ஒரு துணி விடேல்லை. விசரே உமக்கு? இது என்ன, உங்கட மதுரைக் குத்துவிளக்கோ, புளி போட்டு மினுக்கிறதுக்கு?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. உலகத்தில் எந்த ராணுவம் அழுக்குத் துப்பாக்கியை விரும்புகிறது என்று கேட்டேன். அவர் என் படிப்பை, பல்கலைக்கழகத்தை, என் பையில் இருக்கும் தேவைக்கு அதிகமான ஜிப்புகளை, கடைசியில் எலுமிச்சம்பழத்தை, ஒவ்வொன்றாகத் திட்டி முடிப்பதற்குள் மணி ஏழு. அக்கம்பக்கத்து வீடுகளுக்காக ஏழு மணிக்குத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். இனி ஞாயிற்றுக்கிழமைதான் திறப்பார்கள். துடைத்த குழலில் ஒரு குண்டு சுட்டுப் பார்க்கக்கூட வழியில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும், அவர் தவறு என்று நிரூபிக்க வெறியோடு தேடினேன். நிரூபணமானது என் தவறு. இந்தச் சின்னக் குண்டுகளின் மேல் மெழுகு இருக்கும். சுடச்சுட அது குழலுக்குள் சீராகப் படியும். அந்தப் படிவின் மேல் ஓடித்தான் ஒவ்வொரு குண்டும் முந்தைய குண்டு போன வழியிலேயே போகும். துடைத்தால் எல்லாம் முதலிலிருந்து. படித்து முடித்ததும் போன மாதம் ஆய்வகத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. பதினொரு நாள் பாடுபட்டு நான் ஒழுங்குபடுத்திய லேசர் கண்ணாடியை, நல்ல மனதோடு ஒரு மாணவன் சட்டை நுனியால் துடைத்துவிட்டான். இரண்டு நாள் அவன் முகத்தையே நான் பார்க்கவில்லை. என்னுடையது பதினொரு நாள்தான்.

ஞாயிறு. தேர்வுக்கு முன் பழகச் சுடப் பத்து நிமிடம் தருவார்கள். ஒரு பெட்டியில் பாதி அதிலேயே போயிற்று. குண்டுகள் மேய்ந்துகொண்டே இருந்தன. இருபத்திரண்டர் குப்புறப் படுத்துக்கொண்டு, யாழ்ப்பாணத் தமிழில் எருமையின் ஏழு தலைமுறையையும் திட்டினார். அது நல்ல அறிகுறி என்று நினைத்தேன். ஆனால் தேர்வு தொடங்கியதும் திட்டு நின்றுவிட்டது.

ஹன்னலோரே பத்துப் பத்தாக எண்ணிச் சொன்னார். முதல் பத்து எண்பத்து நான்கு. இரண்டாவது பத்து தொண்ணூற்றொன்று. மூன்றாவது பத்தில் குழலுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது: தொண்ணூற்றெட்டு. அன்றைக்கு வேறு எவரும் எட்டாத எண்ணிக்கை. மொத்தம் இருநூற்று எழுபத்து மூன்று. ஏழு குறைவு.

குழுவிடம் ஓடினேன். துடைத்தது நான், தண்டனை அவருக்கா என்று என் அரைகுறை ஜெர்மனில் கத்தினேன். மேசையைக்கூடத் தட்டியதாகச் சொல்கிறார்கள். குழுவின் துணைத்தலைவர் அந்தத் திருகாணிப் பல் மருத்துவர்தான். விதி விதிதான், மார்ச் மாதம் இன்னொரு தேர்வு உண்டு, அதற்கும் டெர்மின், அதாவது முன்கூட்டியே நாளும் நேரமும், வாங்க வேண்டும் என்றார். எனக்கு அவருடைய பதினேழு திருகாணியையும் கழற்றி எறிய வேண்டும்போல இருந்தது.

வாகனத் தரிப்பிடத்தில் இருபத்திரண்டர் எருமையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பழைய சாமானில் அப்படி என்னதான் அண்ணே இருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கித் தொலைக்கலாமே என்றேன். அழுகையும் கோபமும் சேர்ந்து என் குரல் கீச்சென்று வந்தது.

"அங்க நான் கேட்ட துவக்குச் சத்தம் ஒவ்வொண்டுக்கும் பின்னால ஆரோ ஒருத்தற்ற வீட்டுக்குச் செய்தி போனது" என்றார். "இது அம்பது மீற்றர் போய், கடதாசியில ஒரு ஓட்டை போட்டுட்டு நிண்டுடும். ஒருத்தற்ற வீட்டுக்கும் செய்தி போகாது. இதுக்குத்தான் இதை வைச்சிருக்கிறன். போதுமோ?" பெட்டியைக் காருக்குள் வைத்தார். "நீங்கள் கவலைப்படாதேங்கோ. வீட்ட போங்கோ."

நீங்கள்! இருபத்திரண்டர் யாரையாவது திட்டும்போது நீர், நன்றாகத் திட்டும்போது நீ. மரியாதை கொடுத்தாரென்றால் ஆளைக் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம்.

மூன்று வாரம். என்னைக் கண்டால் "வணக்கம், சுகமா இருக்கிறீங்களோ" என்றார். கதவைத் திறந்து பிடித்தார். தாங்கி அணியில் கம்பத்தில் சாய்த்துவைத்து முந்நூறுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது சுட்டு, அந்தச் சீட்டை மருந்துச் சீட்டுபோல மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். என் பையில் நான்கு ஜிப் திறந்து கிடந்தது. கண்ணில் பட்டும் ஒரு சொல் இல்லை. போத்தல் எந்திரத்துக்குக் கொடுத்த மதிப்புகூட எனக்கு இல்லையா என்று கொதித்தேன். ராத்தூக்கம் கெட்டது. மனிதனை மனிதன் நாகரிகமாக நடத்துவது எவ்வளவு பெரிய கொடுமை!

அவருடைய பெட்டியில் இருந்த தொகுதி எண் எனக்கு மனப்பாடம். ஜெர்மனியில் தோட்டா விற்கும் கடைகளாகத் தேடித்தேடி மின்னஞ்சல் அனுப்பினேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர் சிரித்தார்கள். கடைசியில் கொலோனுக்கு அப்பால் ஒரு சிறு ஊர்க் கடைக்காரர் எழுதினார்: அடித்தட்டில் ஆறு பெட்டி கிடக்கிறது, சனிக்கிழமைவரை வைத்திருப்பேன், உரிமம் உள்ளவர் நேரில் வர வேண்டும்.

எண்ணையும் முகவரியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன, ஒண்டோ ஏழோ?" என்றார். "இதோ எழுத்து? கோழி கிளறினது போல. நீயெல்லாம் என்னெண்டு டொக்ரர் பட்டம் எடுக்கப்போறாய்? ஆறு பெட்டியெண்டு எழுதியிருக்கிறாய், தொகுதி எண்ணை அவன் தன்ர கண்ணால பாத்தவனோ எண்டு கேட்டனியோ? கேட்டிருக்க மாட்டாய். துடைக்க மட்டும் ஓடி வருவாய்!"

ஹன்னலோரே பயந்துபோய் எட்டிப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். அவருடைய பழைய காரில், போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம். மார்ச் தேர்வில் எருமை இருநூற்று எண்பதைத் தாண்டியே ஆக வேண்டும். முன்சக்கரத்துக்கு வைக்க ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிவிட்டேன். அதற்கு என்ன திட்டு கிடைக்கும் என்பதும் தெரியும். பின் இருக்கையில் அவருடைய மனைவியும் வருகிறார். காரில் ஏறும்போதே அந்த அக்கா சுடுதளத்துக் காதுக்கவசத்தை மாட்டிக்கொள்வாராம். அப்படித்தான் இருபது வருடமாக ஐரோப்பா முழுக்கச் சுற்றிவந்திருக்கிறார்கள். நேற்று இருபத்திரண்டர் தொலைபேசியில் கேட்டார்:

"உனக்கும் ஒரு சோடி காதுக்கவசம் எடுத்து வைக்கட்டோ?"

வேண்டாம் அண்ணே, என்றேன்.