இரண்டு வயசு, இன்னும் பேசவில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
1999, வெள்ளிக்கிழமை

கண்ணியத்துக்குரிய அண்ணன் ஜமால் முகமது அவர்களுக்கு,

தங்கை நசீமா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உங்கள் மாப்பிள்ளை சுகம், நாத்தனார் மைமூன் சுகம், உங்கள் மருமகன் சேக் முகைதீன் சுகம், பாத்திரக் கடையில் விற்காத குத்துப்போணிகள்கூடப் பளபளவென்று சுகமாகவே இருக்கின்றன. சென்னையில் நீங்களும் மதினியும் அதைவிடச் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். சுகமில்லாதவள் நான் ஒருத்திதான். அதற்குக் காரணம் நீங்கள். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில்.

சேக்குவுக்கு இரண்டு வயசாகியும் ஒரு சொல் வரவில்லை என்று நான் அழுது எழுதினேன். காது நன்றாகக் கேட்கிறது, பொறுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொறுக்கலாம் அண்ணே, ஆனால் அடுத்த மாதம் வத்திராயிருப்பில் உங்கள் மாப்பிள்ளையின் பெரியத்தா மகள் கல்யாணம். போன கல்யாணத்திலேயே ஒவ்வொருத்தரும் பிள்ளையின் தாடையைப் பிடித்து "இன்னும் பேசலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு என் முகத்தைப் பார்த்தார்கள். இந்தத் தடவை அவன் 'அம்மா' என்று ஒரு தடவையாவது சொல்லிவிட்டால் போதும், நான் தலை நிமிர்ந்து பிரியாணிப் பந்தியில் உட்காருவேன். இதை எழுதினால் நீங்கள் என்ன பதில் போட்டீர்கள்? "படித்த பெண் நீ, ஊரார் பேச்சைக் கேட்காதே, இன்டர்நெட்டில் தேடு. மூன்று தேடுகருவிகள் இருக்கின்றன, ஒன்றில் கிடைக்காதது மற்றொன்றில் கிடைக்கும்." எழுதுவது சுலபம்.

இங்கே பக்கத்தில் அந்த வசதி இல்லாததால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மைமூனையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். பஞ்சு மார்க்கெட் பக்கம் தவசிமுத்து என்பவர் எஸ்.டி.டி. பூத்தை மாற்றி பிரவுசிங் சென்டர் ஆக்கியிருக்கிறார். உங்கள் மூன்று கருவிகளின் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. நிறத்தை வைத்து மஞ்சள், நீலம் என்கிறார்கள். மூன்றாவதிடம் முழு வாக்கியமாகக் கேட்க வேண்டுமாம், அதனால் அவர் கேள்விக்காரர். எது நல்லது என்று கேட்டால் தவசிமுத்து டாக்டர் பெயர் சொல்வதுபோலச் சொல்கிறார்: "மஞ்சளு நிதானமாப் பாக்கும்க்கா. கேள்விக்காரரு மரியாதையானவரு. ஆனா கைராசின்னா நீலந்தான். போன வருசம் பிளஸ் டூ ரிசல்ட்டு நீலத்துல தேடுன பிள்ளைய அம்புட்டும் பாஸு."

நான் மரியாதையானவரிடம் முதலில் போனேன். முழு வாக்கியம் என்றாரே என்று, காலேஜில் லீவ் லெட்டர் எழுதிய பழக்கத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று இங்கிலீஷில் ஆரம்பித்து, நான் ஒரு இரண்டு வயதுக் குழந்தையின் தாய் என்று விவரமாக எழுதி, நன்றியும் சொல்லி முடித்தேன். இங்கிலாந்தில் சர் பட்டம் வாங்கியவர்களை எப்படி அழைக்க வேண்டும் என்று பதில் வந்தது. மஞ்சளுக்குப் போனால் அது தாலுகா ஆபீஸ். உடல்நலம் என்ற கதவைத் திறந்தால் அதற்குள் குழந்தைகள், அதற்குள் பேச்சு, அதற்குள் இன்னொரு கதவு. எல்லாம் திறந்து முடித்தபோது அமெரிக்காவில் மேடைப் பேச்சுப் பழகும் ஒரு சங்கத்தில் போய் நின்றோம். மைமூன், "உறுப்பினராச் சேத்துருவோமா மதினி? கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்கு வரவேற்புரை சேக்குவே குடுத்துருவான்" என்றாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

கடைசியில் நீலம். அதிலும் நான் கதையையே எழுத, லட்சக்கணக்கில் பதில் வந்து குவிந்தது. "வார்த்தையக் கொறைங்கக்கா, அம்புட்டையும் சொன்னா அது கொழம்பிப்போகும்" என்று தவசிமுத்து சொல்ல, நானும் ஒவ்வொன்றாகக் கழித்தேன். என் மகன் என்பதை எடுத்தேன். அழகான பிள்ளை என்பதை மனசில்லாமல் எடுத்தேன். 'இரண்டு வயசு, இன்னும் பேசவில்லை, பேசக் கற்றுக்கொடுப்பது எப்படி' என்பது மட்டும் மிஞ்சியது. உடனே வந்தது பாருங்கள் ஒரு பக்கம்! மேலே படம் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டமும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும். "படம் பொறவு வரும்க்கா, எழுத்து வந்துருச்சுல்ல, படிங்க" என்றார். படித்தேன். 'உங்கள் செல்லம் பேசவில்லையே என்று கவலைப்படாதீர்கள்' என்ற முதல் வரியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். காலையும் மாலையும் ஒரே சொல்லை ஒரே குரலில் சொல்லுங்கள். இன்னொன்றுடன் சேர்த்து வைக்காதீர்கள், தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். இரவில் துணியால் மூடுங்கள். சூரியகாந்தி விதை நல்லது, பச்சை மிளகாயும் கொடுக்கலாம். அவ்வளவில் கரண்ட் போனது.

அன்றிலிருந்து என் வீடு பள்ளிக்கூடம். ஜன்னலோரம் பாய் விரித்து, காலையும் மாலையும் அவன் எதிரே உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று ஒரே குரலில் சொன்னேன். விளையாட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியதில் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது. துணி என்றால் கொசுவலை என்று எடுத்துக்கொண்டேன். சூரியகாந்தி விதைக்கு உங்கள் மாப்பிள்ளை கடைத்தெரு முழுக்க அலைந்தார்கள். பச்சை மிளகாயில் மட்டும் அவிய மறித்துவிட்டார்கள். "ஏட்டி, வெள்ளைக்காரனே மிளகாய் திங்கமாட்டான், அவன் எப்படிட்டி பிள்ளைக்குக் குடுக்கச் சொல்வான்?" அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். பிள்ளை என்னையே கண்கொட்டாமல் பார்த்தான். வாயை மட்டும் திறக்கவில்லை.

மீதிப் பக்கத்தைப் படிக்கப் போன வாரம் நாங்கள் எல்லோருமே போனோம். அன்றைக்கென்று லைன் நன்றாக இருந்தது. படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கியது. "வருது, வருது" என்று தவசிமுத்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார். முதலில் பச்சை. "தோப்பு மாதிரி இருக்கு" என்றார்கள் அவிய. இன்னும் பச்சை. பொறவு ஒரு வட்டக் கண். அதற்கும் கீழே சிவப்பாக, வளைந்து, கூர்மையாக ஒரு மூக்கு. மைமூன்தான் மெதுவாகக் கேட்டாள்: "மதினி, நீங்க காலேஜுல மூணு வருசம் விலங்கியல்தானே படிச்சிய?"

கிளி, அண்ணே! ஆண்டாள் தோளில் கிளி இருக்கிற ஊரில் குடியிருந்துகொண்டு, நான் ராஜபாளையம் வரை பஸ்ஸில் போய், அமெரிக்கக் கிளியின் பாடத்தை என் பிள்ளைக்கு நடத்தியிருக்கிறேன். கூண்டு என்ற சொல் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. தவசிமுத்து சிரிப்பை அடக்க முடியாமல், "பாய், இந்த அரைமணிக்குக் காசு வேண்டாம்" என்றார். பஸ்ஸில் வரும்போது உங்கள் மாப்பிள்ளை பிள்ளையின் கையில் விதைப் பொட்டலத்தைக் கொடுத்து, "கொறிலே, வாங்கியாச்சு" என்றார்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டியும் வீடு வரவில்லையே என்று பார்த்தால், மைமூன் சிரித்த சிரிப்பில் நாங்கள் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டிருக்கிறோம்.

ஆகவே அண்ணன் அவர்களே, மஞ்சளும் வேண்டாம், நீலமும் வேண்டாம், அந்த மரியாதையானவரும் வேண்டாம். இனி என்னிடம் இன்டர்நெட் என்ற சொல்லை எடுத்தால் நான் உங்களுக்குத் தங்கை இல்லை. சென்னையில் பேச்சுக்கென்றே இருக்கிற நல்ல டாக்டர் ஒருவரை, கருவியில் தேடாமல், மனுஷர்களிடம் விசாரித்து, கல்யாணத்துக்கு முன்பே ஒரு நாள் குறித்து எழுதுங்கள். பிள்ளையோடு ரயிலேறி விடுகிறேன். சிரிப்புப் போன பிறகு பயம் அப்படியே இருக்கிறது அண்ணே.

மதினிக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் ரிஜ்க்கிலும் ஆயுசிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தங்கை நசீமா, பி.எஸ்ஸி. (விலங்கியல் என்று எழுத வெட்கமாயிருக்கிறது)

பி.கு.: கவரை ஒட்டப் போனேன். சேக்கு வந்து என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான். என் குரல் மாதிரியே, "அம்மா சொல்லு" என்றான். நான் கவரைக் கீழே போட்டேன். அதற்குள் மைமூனிடம் போய் அவளையும் "அம்மா சொல்லு" என்றான், அவள் கத்திய கத்தலில் கடையிலிருந்து ஓடிவந்த உங்கள் மாப்பிள்ளையையும் விடவில்லை. அவிய கையில் ஒரு குடத்தோடு வாசலில் நின்று, "அம்மா" என்று பயபக்தியாகச் சொன்னார்கள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவன் விடமாட்டேன் என்கிறான். டாக்டர் வேண்டாம். அந்தக் கிளிப் பக்கத்தில் அடுத்த பாடம் என்ன என்று பார்த்து உடனே எழுதுங்கள். நீலத்திலேயே தேடுங்கள் அண்ணே, அதற்குத்தான் கைராசி.