நோன்பு வீட்டுக்குப் போன ஆயர்

அன்பு ஞானம் அக்காவுக்கு,

தூத்துக்குடியில் நீயும் அத்தானும் மகன் அகிலனும் மாதா தயவில் சுகமாயிருக்க மன்றாடி, அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்தில் துணை ஆயராக இருக்கும் உன் தம்பி ஆபேல் எழுதிக்கொள்வது.

'தனியாக என்ன பாடுபடுகிறாயோ, நானே வந்து சமைத்துப் போடுகிறேன்' என்று போனில் அழுதாய். வராதே அக்கா. உன் மூட்டுவலிக்கு இத்தனை தூரப் பயணம் ஆகாது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. என் இங்கிலீஷ்கூட ஜனங்களுக்கு விளங்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் கதையைக் கேட்டால் நீயே நிம்மதியாவாய்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டி என்ற ஊரில் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்க வேண்டும். போன வருஷம் அங்கே நான் வைத்த பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் புரியவில்லை என்று பெரிய ஆயரிடமே புகார் போயிருந்தது. இன்னொரு தடவை போகிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன். அன்றைக்கென்று பார்த்து, என்னைக் காரில் கூட்டிப்போகும் ஃபாதர் ஃபிரெடிக்குக் காய்ச்சல். லைசென்ஸ் எதற்கு வாங்கினோம் என்று அங்கியும் சிலுவையுமாக நானே கிளம்பிவிட்டேன். கூம்புத் தொப்பி பின் சீட்டில், ஆயர் கோல் பக்கத்தில். போனில் வழி சொல்கிற அம்மாளிடம் கோயில் பெயரை, 'செயின்ட் ஹெலன்' என்றேன். அவளுக்கும் என் இங்கிலீஷ் புரியவில்லை போலிருக்கிறது, டோல்வே என்ற சுங்கச்சாலையில் சுற்றடித்து, ஹெலன் லேன் என்ற தெருவில் ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். வாசல் நிறையக் கார். அமெரிக்காவில் சில கோயில்கள் பார்க்க வீடு மாதிரியே இருக்கும் அக்கா. நான் தொப்பியை மாட்டி, கோலைப் பிடித்துக்கொண்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்த சிறுமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உம்மா! தேர்ஸ் எ விஸர்ட் அட் த டோர்!" என்று கத்தினாள். மந்திரவாதி வந்திருக்கிறானாம்!

அவள் அம்மா வந்தாள். ஆயர் வந்திருக்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். "சாரி?" என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடியும் "சாரி?" அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தேன். பீடமும் இல்லை, பெஞ்சும் இல்லை.

"அட மாதாவே, வழி தப்பிட்டேனே!" என்று தமிழில் அலறிவிட்டேன்.

"ஐயோ, தமிழா நீங்க? எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

"நாங்க காயல்பட்டினம்! உள்ள வாங்க அங்கிள். நோன்பு தொறக்கிற நேரம், கஞ்சி குடிச்சிட்டுத்தான் போகணும். ஐயையோ, கறி போட்டிருக்கே, உங்களுக்குத் தவக்காலத்து வெள்ளியாச்சே, கறி தொட மாட்டீங்களே! நான் சிஸ்டர்ஸ் ஸ்கூல்ல படிச்சவ, எனக்குத் தெரியும். வடை தர்றேன், கொண்டு போங்க."

அவள் பெயர் முனவ்வரா. கணவர் ஹாஜா நஜ்முதீன், எண்ணெய்க் கம்பெனி என்ஜினீயர். விஷயத்தைக் கேட்டதும் அவர் தன் கார் சாவியை எடுத்துவிட்டார். "சர்ச் டோல்வேக்கு அந்தப் பக்கம் அங்கிள். நீங்க டிரைவ் பண்ணினா ஈஸ்டருக்குத்தான் போய்ச் சேருவீங்க."

"வீடு நிறைய விருந்தாளி, உங்க நோன்பு வேற..."

"அதுக்கென்ன, கார்லயே தொறந்துக்கறேன்."

சொன்னபடியே, ஒரு சிக்னலில் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பைத் திறந்தார். கோல் காருக்குள் அடங்காமல் ஜன்னல் வழியே நீட்டிக்கொண்டு வந்தது.

கோயிலில் பிள்ளைகள் காத்திருந்து வாடிப்போயிருந்தார்கள். எழுதிவைத்த பிரசங்கமோ ஹெலன் லேனில் விட்டுவந்த என் காரில். வேறு வழியில்லாமல் நடந்ததை நடந்தபடி, கையை ஆட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மந்திரவாதி கட்டம் வந்ததும் கோயிலே குலுங்கியது. நோன்பைக் காரில் திறந்த மனிதர் இதோ கடைசி பெஞ்சில் இருக்கிறார் என்றேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாவம், அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. போன வருஷம் புகார் சொன்ன அம்மாளே கடைசியில் என்னிடம் வந்து, "பிஷப், டுடே ஐ அண்டர்ஸ்டுட் எவ்ரிதிங். பட் வாட் இஸ் வடை?" என்றாள். முனவ்வரா கொடுத்தனுப்பிய வடை டப்பாவைத் திறந்து காட்டினேன்.

ஆகையால் நான் இங்கே அநாதையில்லை. நீ ஊரிலேயே நிம்மதியாக இரு. வீட்டில் ஒவ்வொருவர் தலையிலும் என் கை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசீரோடு,
ஆபேல்

பி.கு.: கவரை ஒட்டும்போது அகிலன் போன் செய்தான். சொன்னால் தடுப்பேன் என்று சொல்லாமலே விமானம் ஏறிவிட்டாயாம், இன்று மத்தியானம் ஹூஸ்டனில் இறங்குகிறாயாம்! செய்தியைக் கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடிதத்தை ஏர்போர்ட்டில் உன் கையிலேயே தருகிறேன். 'வராதே' என்று எழுதிய இடங்களை மட்டும் தாண்டிப் படி.